கடைசி ஸ்டேஷனில் ஒரு வலது கை

மாரிகுப்பத்துக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. சென்னை-பெங்களூர் பாதையை விட்டு பங்காருபேட்டையில் பிரியும் கிளை ரயில், கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரையே ஸ்டேஷன்களுக்கும் சூட்டிக்கொண்டு ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் வந்து இங்கே நின்றுவிடுகிறது. 1894-ல் போட்ட பாதை. இயந்திரங்களும் நிலக்கரியும் உள்ளே வருவதற்காகப் போட்டார்கள். இப்போது அதில் மனிதர்கள் வெளியே போகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் டிபன் டப்பாவோடு ஏறி, உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறார்கள். ராத்திரி அதே ரயில்கள் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பகலில் ஊரில் மிஞ்சுவது வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆடுகள்.

நான் எதிர்த் திசையில் போகிறவன். பெங்களூரில் காலியாகப் புறப்படும் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைக்கும். மாமாவைப் பார்க்க சென்ற ஆண்டு நான்கு தடவை அப்படிப் போனேன்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது சயனைட் மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு கொட்டிய சக்கை நூறு வருஷத்துக்கு மேலாகக் குவிந்து மலையாகிவிட்டது. காற்று வீசும் மாதங்களில் வெள்ளைப் புழுதி வந்து வீட்டுச் சாமான்களின் மேல் படியும். 2018-ல் கன்னடப் படம் ஒன்று இந்த மேடுகளை உலகத்துக்கே காட்டிவிட்டதால், செல்போனில் படம் பிடிக்க வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள். 2024-ல் பதின்மூன்று மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி சலித்து எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, லைன் வீடுகளில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. 'எடுக்கட்டும் பாக்கலாம்' என்றார் மாமா. அப்போது அவருக்கு வலது கை இருந்தது.

கை இருந்தது என்றால் இப்போது இல்லை என்று அர்த்தமில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் அவருடையதாக இல்லை.

மாமா மைசூர் மைனில் இருபத்தைந்து வருஷம் பாறையைத் துளைத்தவர். தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை எப்போதோ தாண்டிவிட்டதென்று சொல்லி, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது. அப்போது அவருக்கு வயது 48. அதற்குப் பிறகு பெங்களூரில் வாட்ச்மேன், பங்காருபேட்டையில் கட்டட வேலை, கடைசியாக ஒன்றும் இல்லை. ஏர் பிளாஸ்ட் என்று இங்கே சொல்லும் பாறை வெடிப்பிலிருந்து இரண்டு முறை தப்பியவர், நெஞ்சில் தூசி படிந்தும் பிழைத்திருப்பவர், சென்ற ஜனவரியில் ஒரு காலை எழுந்து பல் துலக்கப் போனபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார்.

பக்கவாதத்தில் முதல் நான்கரை மணி நேரம் பொன்னான நேரம் என்பார்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அதற்குள் போட வேண்டும். போடுமுன் அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். ரத்தக் கசிவு உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மாமா விஷயத்தில் முதல் ஒரு மணி நேரம் 'பித்தம்' என்பதில் போயிற்று. அடுத்த ஒரு மணி ஆட்டோ தேடியதில். முதலில் போன இடத்தில் ஸ்கேன் இல்லை, இரண்டாவது இடத்தில் ஆபரேட்டர் இல்லை. மூன்றாவது இடத்தில் எல்லாம் இருந்தது, நேரம்தான் இல்லை. நல்ல காலம், பேச்சு குழறியதே தவிரப் போகவில்லை. வீடு திரும்பிய மறுநாள் பக்கத்து லைனிலிருந்து ஒருவர் உயிருள்ள புறாவோடு வந்தார். அதன் சூடான ரத்தத்தைத் தடவினால் கை எழும் என்ற நம்பிக்கை வட ஆற்காட்டிலிருந்து இங்கே குடிவந்தவர்களோடு சேர்ந்து வந்தது. அத்தை ஒரு கணம் தடுமாறி, பிறகு புறாவை வாங்கிப் பறக்கவிட்டார். கொண்டுவந்தவர் ஒரு வாரம் பேசவில்லை.

சுரங்கம் ஓடிய நாளில் கம்பெனிக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கத்தோடு அதுவும் மூடியது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய்க் கழுவிக் கட்டில் போட்டார்கள். அந்த நெருக்கடி தீர்ந்ததும் பழையபடி ஆயிற்று. ஆக, பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சை என்றால் மாரிகுப்பத்தில் அர்த்தம் ஒன்றுதான்: ரயில் ஏற வேண்டும். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட மனிதர் அந்த நெரிசலில் எப்படி ஏறுவார் என்று யாரும் கேட்பதில்லை.

மார்ச்சில் நான் போனபோது மாமா கோல் ஊன்றி நடந்தார். கால் முதலில் தேறுவது வழக்கம். கைதான் அடம் பிடிக்கும். உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் மூளையில் பட்டா உண்டு என்றாலும், கைக்கும் விரல்களுக்கும் வாய்க்கும் ஒதுக்கிய நிலம் அளவுக்கு மீறிப் பெரிது. அங்கே சேதம் என்றால் நஷ்டமும் பெரிது. முதலில் கை துணி போலத் தொங்கும். சில வாரங்களில் மூளையின் கட்டுப்பாடு விட்டுப்போன தசைகள் தன்னிச்சையாக இறுகத் தொடங்கும். விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை விட வலுவானவை என்பதால் கை முஷ்டியாக மூடிக்கொள்ளும். மணிக்கட்டு உள்நோக்கி வளையும். அப்படியே விட்டால் தசையும் நாணும் அந்த அளவுக்கே சுருங்கிப்போகும். பிறகு மூளை தயாரானாலும் கை திறக்காது. மாமாவின் உள்ளங்கையைக் கழுவ அத்தை தினம் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நகம் உள்ளே அழுத்திக் காயம்.

'மைன்ல மூடுன ஷாஃப்டு மாதிரி ஆயிடுச்சுடா கண்ணு' என்றார் மாமா. 'உள்ள இன்னா கீதுன்னு எனக்கே தெரியல.'

வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த சண்டை கையைப் பற்றியதல்ல, கையெழுத்தைப் பற்றியது. மாமாவின் சொற்ப பென்ஷன் வங்கிக்கு வருகிறது. பணம் எடுக்கும் படிவத்தில் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. வங்கிக்காரர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்: இடது பெருவிரல் ரேகை வைத்தால் போதும், இரண்டு சாட்சி இருந்தால் சரி. ரிசர்வ் வங்கியின் விதியே அப்படித்தான். உடம்புக்கு முடியாதவர் கால் விரல் ரேகைகூட வைக்கலாம். மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

இது வீம்பு என்று அத்தை சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி 1930-ல் இருக்கிறது. அந்த வருஷம் சுரங்கத் தொழிலாளர் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ரேகை எடுப்பது குற்றவாளியிடம் என்பது ஜனங்களின் எண்ணம். ஆயிரக்கணக்கான பேர் குழிக்குள் இறங்க மறுத்தார்கள். மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. தங்கவயலின் பெரிய வேலைநிறுத்தங்களில் அதுவும் ஒன்று. மாமாவின் தாத்தா அதில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாத்தாதான், தன் வம்சத்தில் இனி கைநாட்டு வைக்கிறவன் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதாக வீட்டில் சொல்வார்கள். ரேஷன் கடையில் ஆதாருக்காக விரலை வைக்கிறீர்களே, அது மட்டும் என்ன என்று நான் கேட்டேன். 'அது மிசினு. இது மன்சன் எதிர்ல' என்றார். இந்த வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. அவருக்கு அது வெயில் போலத் தெளிவு.

பணம் எடுக்காமல் இரண்டு மாதம் ஓடியது. மகளின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது.

இந்த இடத்தில் இரண்டு பேர் கதைக்குள் வருகிறார்கள். ஒருவர், அதே லைனில் பிறந்து வளர்ந்த பெண். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விடியற்கால ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாப்பா'. இன்னொருவர் மாமாவின் பழைய சகா, சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். எழுபது வயது. அவர் வீட்டு வராந்தாவில் ஒரு வைஸும் அரத்தின் ஏழெட்டு ரகங்களும் உண்டு. ஊர் மிக்ஸிகளும் சைக்கிள்களும் அங்கேதான் பிழைக்கின்றன.

பாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு ஷீட்டோடு வந்தார். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் தட்டு. 65, 70 டிகிரி சுடுநீரில் போட்டால் சப்பாத்தி மாவு போல இளகுகிறது. கையின் மேல் வைத்து வாகாக அழுத்தி இரண்டு மூன்று நிமிஷம் பிடித்தால் அதே வடிவத்தில் இறுகிவிடுகிறது. பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. முழு ஷீட் சில ஆயிரம் ரூபாய். மணிக்கட்டு இருபது முப்பது டிகிரி மேல்நோக்கி, விரல்கள் ஒரு சொம்பைப் பிடிக்கப் போகிற மாதிரி லேசாக வளைந்து, கட்டைவிரல் எதிரே விலகி. ராத்திரியில் கட்டிக்கொள்ள ஒரு தாங்கி தயாராயிற்று.

ஃபிட்டர் பாத்திரத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, 'கிஃபோர்டு ஷாஃப்டு அடியில பாறையே இந்தச் சூடு இருக்கும்' என்றார். மிகையில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமானது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். கீழே அனுப்பும் காற்றையே இயந்திரம் வைத்துக் குளிர வைத்தார்கள்.

ராத்திரித் தாங்கி விரலைப் பிரித்து வைத்தது, காயம் ஆறியது. ஆனால் அது சும்மா வைத்திருக்கும் சாதனம். பகலில் வேலை வாங்க வேறு ஒன்று வேண்டும் என்றார் பாப்பா. மாமாவின் கையில் மே மாதம் ஒரு நல்ல அறிகுறி தென்பட்டிருந்தது: சொன்னால் விரலை மடக்கிப் பிடிக்க முடிந்தது. பிடித்ததை விடத்தான் முடியவில்லை. தம்ளரைக் கொடுத்தால் திரும்ப வாங்க இரண்டு பேர் வேண்டும். இப்படிப்பட்ட கைக்கு, மடக்குவதை அவரே செய்யட்டும், விரிப்பதற்கு மட்டும் ஸ்பிரிங் உதவட்டும் என்ற கணக்கில் வெளிநாட்டில் கருவி விற்கிறார்கள். விலையைக் கேட்டால் இன்னொரு முறை வாதம் வரும்.

'படம் கீதா?' என்றார் ஃபிட்டர்.

அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வராந்தாவில் நடந்ததில் இரண்டை நான் நேரில் பார்த்தேன். முதலில் அளவு. இறுகிய கையைக் காகிதத்தில் பரப்பி வரைய முடியாது. நல்ல இடது கையை வைத்து வரைந்து, காகிதத்தைத் திருப்பிப் போட்டால் வலது கை. இந்தத் தந்திரம் பாப்பாவுடையது. பிறகு, நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்தார் ஃபிட்டர். அதை நெருப்பில் காட்டக் கூடாது, புகை ஆகாது என்று பாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கிப் புதைத்தார். 'சயனைட் மணல் இல்லையே?' என்று அத்தை கவலையோடு விசாரித்தார். இல்லை, கட்டட வேலைக்கு வாங்கிய மணல். இளகிய பைப்பை, இடது கை அளவுக்குச் செதுக்கிய ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து ஈரத்துணியால் அழுத்தினார். முன்கையின் மேற்புறத்தில் முக்கால் பாகத்துக்குத் தொட்டில் போல ஒன்று வந்தது. உள்ளே ஸ்பாஞ்ச், ஓரங்களுக்கு ரப்பர், கட்டுவதற்கு வெல்குரோ பட்டை மூன்று.

முதல் மாடல் தோற்றது. உள்ளங்கையைத் தாங்கும் பட்டி விரல் அடி மடிப்பு வரை நீண்டிருந்தது. கைரேகை பார்ப்பவர்கள் சொல்வார்களே, உள்ளங்கையின் குறுக்கே ஓடும் ரேகைகள், அவற்றைத் தாண்டி எதுவும் வரக் கூடாதாம். வந்தால் விரல் மடங்க இடமில்லை. பாப்பா அந்த ரேகைமேல் லிப்ஸ்டிக் தடவி, பட்டியை வைத்து எடுத்தார். பிளாஸ்டிக்கில் சிவப்புக் கோடு விழுந்தது. 'இதுவரைக்கும் வெட்டுங்க பெரியப்பா.' இரண்டாவது மாடல் மணிக்கட்டின் வெளிப்பக்க எலும்பில் உரசியது. கழற்றி இருபது நிமிஷம் கழித்தும் தோல் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்பது விதி. மாமாவுக்கு அரைமணி ஆகியும் மறையவில்லை. அந்தக் கையில் உணர்ச்சி குறைவு என்பதால் வலிக்கிறது என்று அவரே சொல்ல மாட்டார், கண்ணால் பார்த்தால்தான் உண்டு. எலும்புக்கு மேலே குமிழ் போல உப்ப வைத்து மூன்றாவது மாடல். எடை 310 கிராம். பலவீனமான தோள் அதைச் சுமந்தால் மூட்டு இறங்கிவிடும் என்றார் பாப்பா. ஆங்காங்கே துளை போட்டு 220-க்குக் கொண்டுவந்தார் ஃபிட்டர்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் நடந்ததுதான். விரலை மேல்நோக்கி இழுக்க ரப்பர் வளையம் வேண்டும். ரப்பரை எங்கிருந்து இழுப்பது? சைக்கிள் ஸ்போக்கை வளைத்துத் தொட்டிலின் மேல் நான்கு கம்பிகள் நிறுத்தினார். கம்பி முனையிலிருந்து ரப்பர் இறங்கி, விரலில் மாட்டிய மெல்லிய தோல் வளையத்தைப் பிடித்தது. ரப்பர் விரலுக்குச் சரியாகச் செங்கோணத்தில் இழுக்க வேண்டும், சாய்ந்தால் மூட்டை நசுக்கும் அல்லது வளையம் நழுவும் என்று பாப்பா விளக்கத் தொடங்கியதும் ஃபிட்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

'கப்பி எங்க நிக்கணும்னு எனக்குச் சொல்ற. கேஜ் இறக்குன கை இது.'

கம்பிகளைப் பார்த்தேன். ஷாஃப்டின் வாயில் நிற்கும் ஹெட்கியர். அதன் உச்சியில் சக்கரம். சக்கரத்திலிருந்து நேர்கோட்டில் குழிக்குள் இறங்கும் கயிறு. ஊரெங்கும் துருப்பிடித்து நின்ற அந்தக் கோபுரங்களை, விரல் அளவில் நான்காக அவர் மாமாவின் கைமேல் நிறுத்தியிருந்தார். அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ரப்பரின் பலத்தைக் கூட்டவே கூடாது என்பதில் பாப்பா கறார். வெடுக்கென்று இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகும். காய்கறிக்கடைப் பையில் போடும் மெல்லிய ரப்பர் பேண்டில் தொடங்கினார்கள். ஜூன் கடைசி ஞாயிறு, மாமா ஒரு பழைய துணிப்பந்தைப் பிடித்தார். 'விடுங்க' என்றார் பாப்பா. முகமெல்லாம் வியர்வை. விரல்கள் ஒவ்வொன்றாக, மனசில்லாதவை போல விரிந்தன. பந்து உருண்டு வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போயிற்று. அத்தை அதை எடுக்க ஓடினார். திரும்பி வர ஏனோ நேரமாயிற்று.

வெற்றிக் கதை என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் பாப்பாவே அதற்கு விடமாட்டார். ரயிலில் திரும்பும்போது அவர் சொன்னதை எழுதத்தான் வேண்டும். ராத்திரித் தாங்கி கட்டிக்கொள்வதால் மணிக்கட்டு இறுகாமல் இருக்கிறதா என்று ஆஸ்திரேலியாவில் 63 நோயாளிகளிடம் நான்கு வாரம் சோதித்துப் பார்த்து, கட்டாதவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று 2007-ல் எழுதினார்கள். பிரிட்டனில் 770 பேரை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ரோபோ கொண்டு தந்த கைப்பயிற்சியாலும் வழக்கமான சிகிச்சையை விட அன்றாட உபயோகத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. நம் நாட்டில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பேர். வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் பலனுண்டா என்று பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு, அதுவும் உதட்டைப் பிதுக்கியது.

'அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு பாடு?' என்று கேட்டேன்.

'கருவி குணப்படுத்தாதுண்ணா. கையை வேலை செய்யற நிலையில நிறுத்தும், அவ்வளவுதான். வேலையை அவர்தான் செய்யணும். நூறு தடவை, இருநூறு தடவை.' அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் குழு 2009-ல் எண்ணிப் பார்த்ததாம்: சிகிச்சை அறையில் ஒரு அமர்வில் நோயாளியின் கை உருப்படியாகச் செய்யும் அசைவு சராசரி 32. மூளை புதுப் பாதை போட விலங்குகளுக்கே நானூறு ஐநூறு தேவைப்படுகிறது. தவிர, நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்து பழகினால், மூளை கெட்ட கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். மாமாவிடம் வேறு எது இல்லாவிட்டாலும் நேரம் இருந்தது. மாதிரி துளைத்துத் துளைத்துப் பழகிய உடம்பும் இருந்தது. ஒரு தட்டில் கொண்டைக்கடலை, எதிரே காலித் தட்டு. காலை நூறு, மாலை நூறு. கிச்சன் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு அத்தை கணக்கு எழுதினார். பழைய ஷிஃப்டு ரிஜிஸ்டர் போலவே இருந்தது.

ஆகஸ்டில் மாமாவை வேலூருக்கு அழைத்துப் போனோம். பங்காருபேட்டையில் வண்டி மாறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. தங்கவயல்காரர்களுக்கு வேலூர் சொந்த ஊர் மாதிரி. பாதிப் பேருடைய பூர்வீகம் அந்தப் பக்கத்துக் கிராமங்களே. கையைப் பொறுத்தவரை வேலூருக்கு ஒரு தனிச் சரித்திரமும் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் ஒரு தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி விரிய வைக்கும் அறுவையை பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940-களின் கடைசியில் அங்கேதான் தொடங்கினார். அறுவை முடிந்தவர்கள் தச்சு வேலை கற்றுக்கொள்ள ஒரு பட்டறையும் வைத்தார். திறந்த கைக்கு வேலை வேண்டுமே. அங்கே படித்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்து, பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966-ல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு முதுகெலும்பாக இருந்தார்.

இப்போது அதே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்று ஒரு சிறிய ரோபோ செய்திருக்கிறார்கள். 2025 மே மாதம் வெளியிட்டார்கள். மேஜைமேல் வைக்கும் பெட்டி; மணிக்கட்டை மடக்க ஒரு பிடி, முன்கையைத் திருப்ப ஒன்று, விரலைத் திறந்து மூட ஒன்று என்று மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். வீட்டிலேயே வைத்துப் பயிற்சி செய்யும் அளவுக்குச் சிறிது என்பதுதான் விசேஷம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் அவீக் பித்தின் குழு 2022-ல் அறிவித்தது வேறு வகை: கையில் அணியும் மென்மையான உறை. விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதை ஒளியைக் கொண்டு அளக்கும். தொலைவில் இருக்கும் தெரபிஸ்ட் இணையம் வழியாக அதை இயக்கலாம். விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் என்றார்கள். ஃபிட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆயிரம் ரூபாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'ரிப்பேர் ஆனா யார் பாப்பா?' என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயம். பாதி ராத்திரியில் வெல்குரோ பிய்ந்தால் தைக்க எதிர் லைனில் ஆள் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். ஆனால் ஃபிட்டர் போல ஒருவரும் பாப்பா போல ஒருவரும் ஒரே தெருவில் வாய்ப்பது எத்தனை ஊரில் நடக்கும்? ஃபிட்டர் தனியாகச் செய்திருந்தால் முதல் மாடலிலேயே மாமாவின் தோலைக் கிழித்திருப்பார். பாப்பா தனியாக என்றால் ஷீட் வாங்கவே மூன்று மாதம் ஆகியிருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் பைப்பை அறுக்கக் கிளம்ப வேண்டாம்; தெரிந்தவர் கண் பார்க்காமல் கட்டிய தாங்கி கட்டாததை விட மோசம்.

வேலூரில் டாக்டர் கருவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பரைச் சுண்டினார். யார் செய்தது என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, 'நம்ம மைன்ஸ் ஆளு' என்றார், தானே செய்த மாதிரி.

கடைசியாக அக்டோபரில் போனேன். நாள் முழுக்கக் கட்டும் நிலை மாறி, பயிற்சிக்கு மட்டும் மாட்டுகிறார். சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. சோறு இடது கையால்தான். அது அவரைக் கூசவைக்கிறது என்பதால் விருந்தாளி இருந்தால் பிறகு சாப்பிடுகிறார். ஆனால் சுண்டுவிரல் பருமனுள்ள பேனா ஒன்று, அதன்மேல் சைக்கிள் ஹேண்டில் ரப்பர் செருகி ஃபிட்டர் செய்தது, கருவியின் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. கொண்டைக்கடலை முடிந்ததும் கையெழுத்து. காலண்டர் தாளின் பின்புறம் முழுக்க மாமாவின் பெயர். முதல் எழுத்து தெளிவு. இரண்டாவது எழுத்தின் சுழி ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம். மூன்றாவதுக்குப் பிறகு கோடு ரயில் பாதை போல ஓடி நின்றுவிடுகிறது.

வங்கியில் பழைய மாதிரிக் கையெழுத்தோடு இது ஒத்துப்போகாது. புதிதாக மாதிரி கொடுத்துப் பதிந்துகொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்களாம். மாமா படிவத்தை வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

'ஒரே மாதிரி பத்து தபா வரட்டும். அப்ப போறேன்.'

'இப்ப எத்தனை மாமா?'

'நேத்து நாலு.'

மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அத்தை கொய்யாப்பழம் கட்டிக் கொடுத்தார். நான் செருப்பு மாட்டும்போது மாமா பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அது கொக்கியிலேயே இருந்தது.